மேடை மரபும் நாத்தவறும்

எம்பெருமானார் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பரந்து கிடக்கும் இத்தொழில் நிலத்தில் கார்களும் லாரிகளும் கைப்பேசிகளும் உற்பத்தியாவதை உலகம் அறியும். ஆண்டு முழுவதும் இடையறாது உற்பத்தியாகும் மற்றொரு பண்டமாகிய மேடைப் பேச்சோ எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆயுத பூஜை, பொங்கல் விழா, மார்ச் 4ஆம் தேதி தேசியப் பாதுகாப்பு தினம், ஷிப்டு மாறும் வேளையில் நடக்கும் கேட் மீட்டிங் என்று பிரசங்கத்துக்கு இங்கே பஞ்சமே கிடையாது. பேச்சு பெருகும் இடத்தில் பிழையும் பெருகுவது சகஜமாகையால், அப்பிழைகளையும் ஒரு சம்பிரதாயமாகவே பாவித்து, அவற்றுள் பொறுக்கத்தக்கது எது, தகாதது எது என்று வரையறுத்துப் பார்ப்பது ஏற்ற காரியம் என்று கருதுகிறேன்.

அளவுகோலுக்கு நாம் வெளியே போக வேண்டுவதில்லை. பவணந்தி முனிவர் நன்னூலில் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுக்களை ஏழாக வகுத்திருக்கிறார். ஆடு மேய்ப்பவனைப் பாகன் என்றும் யானையை நடத்துபவனை இடையன் என்றும் சொன்னால் அது மரபு வழு. அதே இலக்கணம், பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்று ஒருவன் அன்பினால் அழைத்தால், அதை வழுவமைதி என்று ஏற்றுக்கொள்ளவும் செய்கிறது. குற்றத்தையும் மன்னிப்பையும் ஒருங்கே விதித்த அந்தப் பெருந்தன்மையே நம் மேடைக்கும் பிரமாணம்.

முதல் வகை, நாப்புரட்டு. மு.க. ஸ்டாலின் ‘மதில் மேல் பூனை’யைப் ‘பூனை மேல் மதில்’ என்று சொல்லிவிட்டதை நாடறியும். ஆக்ஸ்போர்டில் ஸ்பூனர் என்ற பேராசிரியர் (1844–1930) எழுத்துக்களை இடம் மாற்றிப் பேசியே புகழ் பெற்றார். ஆங்கிலேயர் அந்தத் தவறுக்கு அவர் பெயரையே சூட்டிவிட்டனர். இவ்வகையில் பொருள் கெடுவதில்லை. கேட்பவன் மனத்தில் பூனை தானாகவே மதிலின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. யானைக்கும் அடி சறுக்கும் என்று தீர்ப்பளித்து, இதை வழுவமைதியில் சேர்க்கலாம்.

இரண்டாம் வகை, கலவை. பாதுகாப்பு தினத்தன்று ஒரு தொழிற்சாலையில், பாதுகாப்புக் கண்ணாடி அணிவதன் அவசியத்தை விளக்க வந்த அதிகாரி ஒருவர் உணர்ச்சி மேலிட்டு, “கண் கெட்ட பிறகு அணை போட்டு என்ன பயன்?” என்று முழங்கினார். சூரிய நமஸ்காரமும் வெள்ளமும் எங்கோ ஒதுங்கிவிட்டன. முன்வரிசையிலிருந்த லேத் தொழிலாளி ஒருவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். மற்றொரு விழாவில் ‘எறும்பு ஊர அம்மியும் நகரும்’ என்று ஒருவர் விடாமுயற்சியைப் போற்றினார். எறும்பு ஊர்ந்தால் கல் தேயும். அம்மி நகர அடி மேல் அடி வைக்க வேண்டும். இந்தக் கலவைக்கு நாவைக் குறை சொல்லிப் பயனில்லை. மிக்சி வந்த வீட்டில் அம்மி கொல்லைப்புறம் போய்விட்டது. பண்டம் கண்ணை விட்டு மறைந்ததும் பழமொழி வெறும் ஓசையாகிவிடுகிறது. ஓசைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில் வியப்பென்ன?

மூன்றாம் வகையினர், திருத்தக்காரர். பழமொழிகளெல்லாம் சிதைந்து வழங்குகின்றன என்றும், ‘மண் குதிரை’ என்பது ஆற்று மணல் திட்டாகிய ‘மண் குதிர்’ என்றும், ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்பது மூலிகை வேரைப் பற்றியது என்றும் இவர்கள் சபைதோறும் மெய்ப்பொருள் உபதேசிக்கின்றனர். பெர்சிவல் பாதிரியார் 1874இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை அச்சிட்டார். ஜென்சன் 1897இல் பொருள்வாரியாகத் தொகுத்தளித்தார். இத்தகைய பழைய தொகுப்புகளைப் புரட்டிப் பார்த்து, முன்னோர் எவ்வாறு வழங்கினர் என்று சோதித்த பின்னரே திருத்தம் பேசுவது முறை. ஏரிக்கரை ஐயனார் கோயிலில் நிற்கும் மண் குதிரையைக் கண்ட சிறுவனுக்கும், அதை நம்பி ஆற்றில் இறங்கலாகாது என்பது விளங்கும். விளங்குவதைத் திருத்துவானேன்? வைத்தியனைக் கேலி செய்த பாமரனின் நகைச்சுவையைப் பிடுங்கிக்கொண்டு அவனுக்கு மூலிகைப் பாடம் நடத்துவதும் அப்படித்தான். நாத்தவறு ஒரு நிமிஷத்தில் மறைந்துவிடும். இந்தப் பாண்டித்தியமோ கேட்டவர் வாயிலெல்லாம் நிலைத்துவிடுவதால், என் அபிப்பிராயத்தில் இதுவே பெரிய வழு.

நான்காவது, அறிவு வழு. 2017இல் அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி ஒரு மேடையில் கம்பராமாயணத்தைச் சேக்கிழார் தலையில் ஏற்றிப் பேசினார். அதற்குச் சிரித்தவர்களில் எத்தனை பேர் பெரிய புராணத்தைத் தொட்டிருப்பார்கள் என்ற கேள்வியை நாமே நம்மைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மேடையேறும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பழமொழியை வாயில் எடுக்குமுன் அதற்குள் இருக்கும் அம்மியையோ அணையையோ ஒரு கணம் மனக்கண்ணால் பாருங்கள், புலவர் பெயரைச் சொல்லுமுன் அவர் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் நமக்குத் தொலைவில் இல்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு சாலை நேரே அவ்வூருக்குப் போகிறது.