அடிக்கிற கலர்

தமிழில் ‘நிறம்’ வண்ணத்தையும் குறிக்கும், தோலையும் குறிக்கும். “உங்க நிறத்துக்கு இது எடுக்காதும்மா” என்று ஜவுளிக்கடையில் சொல்லும்போது எடைபோடப்படுவது நம் தோல்.

எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திய காஞ்சிப்பட்டின் அடர்நீலம் ‘எம்.எஸ். நீலம்’ என்றே பெயர் பெற்றது. அரக்கும் கிளிப்பச்சையும்கூடப் பட்டில் வந்தால் மரபு. அவற்றையே நைலக்ஸ் சேலையாக உடுத்திக் கட்டட வேலைக்குப் போகும் கறுத்த பெண்ணுக்கோ ‘அடிக்கிற கலர்’, ‘பட்டிக்காடு’ என்ற ஏளனம். அந்த உடல் கண்ணில் படுவதுதான் இங்கே உறுத்துகிறது. கைம்பெண்ணுக்கு வெள்ளையை விதித்ததும் இதே பார்வைதான்.

வகுப்பறைக்கு வெளிர்நிறப் பருத்தியே கண்ணியம் என்று நானும் பல ஆண்டுகள் நம்பினேன். கண்ணியம் என்ற பெயரில் பதுங்கியிருந்திருக்கிறேன். இப்போது ‘எடுக்குமா’ என்று கேட்பதில்லை, பிடித்ததை எடுக்கிறேன்.