சாரந்தோன் மேடையும் நம் சபை மேடையும்

மனநோயினின்று மீண்டு வருவோருக்கு நாடகம் துணை செய்யுமா என்னும் வினாவை நம் மாணவர்கள் அடிக்கடி எழுப்புகின்றனர். நாடகம் நமக்குப் புதியதன்று. கிறிஸ்து பிறப்பு விழாவாயினும், அறுப்பின் பண்டிகையாயினும், வாலிபர் கூடுகையாயினும் நாடகமின்றி நிறைவுறுவதில்லை. மனநோயுற்றோரும் நமக்குப் புதியவரல்லர். அவர்களோ அவர்தம் குடும்பத்தாரோ இல்லாத சபை ஒன்றுமில்லை. இவ்விரண்டையும் இணைத்தால் தானாகவே நலம் விளையும் என்று எண்ணுவது எளிது. நாமும் ஒருகால் அவ்வாறு எண்ணினோம், எண்ணியவாறு செய்தோம், தவறினோம். அத்தவற்றின் தன்மை யாது என்பதை நமக்குத் தெளிவாக்கியது ஜெர்மன் மொழி நாடகம் ஒன்று. அந்நாடகத்தையும், அதன் பின்னே நிற்கும் உண்மை வரலாற்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பீட்டர் வைஸ் எழுதி, ‘மாரா/சாத்’ எனச் சுருக்கமாக வழங்கும் இந்நாடகம் 1964 இல் மேற்கு பெர்லினில் அரங்கேறியது. அதே ஆண்டில் பீட்டர் புரூக் அதனை லண்டனில் மேடையேற்றினார். 1967 இல் அது திரைப்படமாகவும் வந்தது. கதை நிகழும் இடம் பாரிசுக்கு அருகிலுள்ள சாரந்தோன் மனநோயாளர் விடுதி, ஆண்டு 1808. இழிவான நூல்களை எழுதியவர் எனப் பெயர் பெற்று அங்கே அடைக்கப்பட்டிருந்த சாத் பிரபு, சக நோயாளிகளைக் கொண்டு ஒரு நாடகம் நடத்துகின்றார். பிரெஞ்சுப் புரட்சித் தலைவருள் ஒருவரான மாரா, 1793 இல் குளியல் தொட்டியில் குத்திக் கொல்லப்பட்டதே அதன் பொருள். விடுதித் தலைவர் கூல்மியே தம் குடும்பத்தாருடன் முன்னே அமர்ந்து பார்க்கின்றார். நாடகம் சிறிது சிறிதாக அவர் கையை விட்டு நழுவுகின்றது. முடிவில் நோயாளிகள் கட்டுக்கடங்காது எழ, மேடை கலவரக் களமாகின்றது.

சமுதாயத்தை மாற்றினால் மனிதன் மாறுவான் என்னும் மாராவுக்கும், மனிதனுடைய உள்ளத்தின் இருளைக் காணாத புரட்சி வீண் என்னும் சாத்துக்கும் இடையே நிகழும் வழக்கு இந்நாடகத்தின் உயிர்நாடி. அவ்வகையில் இது உயர்ந்த படைப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் மேய்ப்பர் பணியில் உள்ள நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. இதில் நடிக்கும் நோயாளிகள் யார்? மாராவைக் கொல்லும் பெண்ணாக நடிப்பவள் உறக்க நோயும் சோர்வு நோயும் உடையவள். மாராவாக நடிப்பவர் பிறர் தமக்குத் தீங்கு செய்வர் என ஓயாது ஐயுறும் நோயுடையவர். இவ்வாறு ஒவ்வொருவரும் தம் நோயினால் அறிமுகமாகின்றனரேயன்றித் தம் பெயரால் அறிமுகமாவதில்லை. நோயே அவர்களுக்கு முகம். நோயே அவர்களுக்கு வேடம். பார்ப்போர் நெஞ்சில் எஞ்சுவதோ, மனநோயாளர் என்போர் எந்நேரமும் வெடிக்கக் கூடியவர் என்னும் அச்சம். லண்டன் மேடையில், கைதட்டிய அவையோரை நோக்கி நடிகர்கள் திரும்பிக் கைதட்டியது உண்டு. ‘பார்த்து மகிழ்ந்த நீங்கள் யார்?’ என்று அச்செயல் வினவிற்று. நல்ல வினாவே. ஆனால் அதனை நெடுநேரம் நோயைக் காட்சியாக்கிய பின்னரே வினவினர்.

உண்மை வரலாறு இதனினும் சிக்கலானது. சாரந்தோன் முதலில் துறவியர் நடத்திய மருத்துவ விடுதி. புரட்சிக் காலத்தில் மூடப்பட்டு, 1797 இல் மீண்டும் திறக்கப்பட்டபோது கூல்மியே அதன் தலைவரானார். அவர் முன்பு துறவு மடமொன்றின் தலைவராயிருந்தவர்; 1789 இல் கூடிய பொது மன்றத்தில் குருமாரின் பிரதிநிதியாக அமர்ந்தவர். நம்மைப் போன்ற ஊழியரே எனலாம். இசையும் நடனமும் நாடகமும் நோயாளரின் மனத்தைத் தேற்றும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். ஆதலின் விடுதியிலேயே ஓர் அரங்கம் அமைத்தார். 1803 இல் அங்குக் கொண்டுவரப்பட்ட சாத் பிரபு அதன் நாடகங்களை நெறிப்படுத்தினார். அவற்றுட் பல அக்காலத்தில் யாவரும் அறிந்த நகைச்சுவை நாடகங்களே. பாரிசிலிருந்து பெருமக்கள் அழைப்புப் பெற்று வந்து பார்த்தனர்.

தலைமை மருத்துவராயிருந்த ருவாயே-கொலார் இதனை எதிர்த்து 1808 இல் காவல்துறை அமைச்சருக்கு முறையிட்டார். 1813 இல் அரசு நாடகங்களை நிறுத்தியது. அடுத்த ஆண்டில் சாத் அவ்விடுதியிலேயே இறந்தார். பிற்காலத்தில் சாரந்தோனின் தலைமை மருத்துவரான எஸ்கிரோல் இம்முயற்சியைக் கடுமையாகக் கண்டித்தார். நோயாளர் நடிக்கின்றனர் என்பதே பெருமளவு பொய் என்றார் அவர். முக்கிய வேடங்களைப் பிறரே ஏற்றனர். நலம் பெறவேண்டியவர்கள் வந்தோரின் ஏளனச் சிரிப்புக்கும் இழிவான இரக்கத்துக்கும் ஆளாகி மனம் புண்பட்டனர் என்பது அவருடைய மற்றொரு குற்றச்சாட்டு.

வைஸின் நாடகத்தில் கூல்மியே வாய்ப்பேச்சு வீரராகக் காட்சியளிக்கின்றார். உண்மைக் கூல்மியே அவ்வாறு எள்ளத்தக்கவரல்லர். விலங்கிட்டு வைப்பதே வழக்கமாயிருந்த காலத்தில் மேடை அமைத்தவர் அவர். அவருடைய பிழை நாடகத்தை நம்பியதன்று. யாருக்காக நாடகம் என்பதை மறந்ததே பிழை. நோயாளருக்கென எழுந்த அரங்கம் விருந்தினருக்குரியதாயிற்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் வைஸ் அவரைப் பழித்தார். ஆனால் அதே பிழையைத் தாமும் செய்தார்.

நாம் செய்த பிழையும் அதுவே. நாம் பணியாற்றிய சபையொன்றில் ஓர் இளைஞர் மனநல மருத்துவமனையிலிருந்து தெளிவுற்று வீடு திரும்பினார். தச்சுத் தொழில் அறிந்தவர், அமைதியானவர். அவ்வாண்டு வாலிபர் கூடுகைக்கு, கதரேனர் நாட்டில் லேகியோன் என்னும் பிசாசு பிடித்தவன் குணமடைந்த நிகழ்ச்சியை நாடகமாக்கினோம். அவ்வேடத்தை அவருக்கே அளித்தோம். தம் வாழ்வையே சாட்சியாக்க இதைவிட நல்வாய்ப்பு உண்டோ என்பது நம் எண்ணம். மேடை கட்டும் வேலையும் விளக்கு வேலையும் தந்தால் போதும் என்று அவர் இருமுறை கேட்டுக்கொண்டார். கூச்சத்தால் சொல்கிறார் எனக் கருதி நாம் வற்புறுத்தினோம். அவர் கைகளில் சங்கிலி பூட்டினோம். கிழிந்த ஆடை உடுத்தினோம். சபையார் கண்ணீர் விட்டனர், கைதட்டினர். நாம் மகிழ்ந்தோம். மறுவாரம் முதல் தெருச் சிறுவர்கள் அவரை ‘லேகியோன்’ என்று அழைக்கத் தொடங்கினர். மூன்றாம் ஞாயிறு முதல் அவர் ஆலயத்துக்கு வரவில்லை. வீட்டுக்குச் சென்றபோது அவருடைய தாயார் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும் இருந்த பெயரை ஐயா ஊர் வாயில் எழுதிவிட்டீர்களே என்று மட்டும் சொன்னார். அச்சொல்லுக்கு இன்றளவும் நம்மிடம் மறுமொழி இல்லை.

அவ்வாறாயின் நாடகத்தால் பயனே இல்லையோ? அவ்வாறு கூறுவதற்கில்லை. சாரந்தோனின் பிழைக்கு மாற்றாகச் சென்ற நூற்றாண்டில் இருவர் வழி காட்டினர். ஒருவர் மொரேனோ (1889–1974). வியன்னா நகரில் எழுதப்பட்ட நாடகமின்றி அவ்வப்போது புனைந்து நடிக்கும் அரங்கொன்றை நடத்திய இம்மருத்துவர், பின்பு அமெரிக்காவில் குடியேறி, 1936 இல் நியூயார்க் மாநிலத்தின் பீக்கன் என்னும் ஊரில் மருத்துவ விடுதி நிறுவி உளநாடக முறையை வளர்த்தார். இம்முறையில் துன்புறுபவரே ஆசிரியர். எக்காட்சியை நடிப்பது என்பதை அவரே கூறுகின்றார். மகன் தந்தையாகவும் மருமகள் மாமியாராகவும் இடம் மாறி நடிப்பதால், எதிரே நிற்பவரின் உள்ளம் விளங்குகின்றது. நடிப்பு முடிந்தபின் பார்த்திருந்தோர் தீர்ப்புக் கூறுவதோ அறிவுரை வழங்குவதோ இல்லை. அக்காட்சி தம் சொந்த வாழ்வில் எதனைத் தொட்டது என்பதையே ஒவ்வொருவரும் சொல்கின்றனர். ஒருவர் தம் காயத்தைக் காட்டிய இடத்தில் மற்றவரும் தம் காயத்தைக் காட்டக் கடமைப்பட்டுள்ளனர். வெறுமனே வேடிக்கை பார்ப்பவருக்கு அங்கே இடமில்லை.

மற்றொருவர் பிரேசில் நாட்டவரான அகுஸ்தோ போவால் (1931–2009). இராணுவ ஆட்சியால் 1971 இல் சிறைப்பட்டு, வதைக்கப்பட்டு, நாட்டை விட்டு வெளியேறியவர். ‘ஒடுக்கப்பட்டோர் அரங்கு’ என்னும் தம் நூலை 1974 இல் வெளியிட்டவர். அவருடைய அரங்கில் ஒருவர் தமக்கு நேர்ந்த ஒடுக்குமுறையை நடித்துக் காட்டுவார். அவையிலுள்ள எவரும் ‘நிறுத்துக’ என்று எழுந்து, அவருடைய இடத்தில் நின்று வேறுவழி ஒன்றை முயன்று பார்க்கலாம். ஐரோப்பாவுக்கு வந்தபோது, அங்குள்ளோர் தனிமையையும் வெறுமையையும் பற்றிப் பேசுவது அவருக்கு முதலில் அற்பமாகத் தோன்றியது. அத்துன்பத்தாலும் மக்கள் உயிரை மாய்த்துக்கொள்வதைக் கண்டபின், வெளியே தெரியாத காவலன் தலைக்குள்ளே நிற்கின்றான் என்று அவர் உணர்ந்தார். அவனை மேடைக்குக் கொணரும் பயிற்சிகளை வகுத்தார்.

நம் மொழியிலும் இதற்குச் சான்று உண்டு. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய ‘அன்னை இட்ட தீ’ (1991), போர் மக்களின் மனத்தில் உண்டாக்கிய காயங்களைப் பொருளாகக் கொண்டது. பார்த்தோரும் நடித்தோரும் ஒரே போரின் நடுவில் வாழ்ந்தோர் என்பதே அதனைச் சாரந்தோனிலிருந்து பிரிக்கின்றது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. உளநாடகம் பயிற்சி பெற்றோர் கையாள வேண்டிய முறை. இறையியல் பட்டம் மட்டும் பெற்ற நாம் ஆழ்ந்த காயங்களைக் கிளறிவிட்டுப் பின் கட்டத் தெரியாது நிற்கலாகாது. நாடகம் மருந்துக்கு மாற்றுமன்று. மனச்சிதைவு நோயில் நாடகச் சிகிச்சையின் பயன் குறித்து 2007 இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, கிடைத்த ஐந்து ஆய்வுகளைச் சீர்தூக்கி, நன்மையென்றோ தீமையென்றோ உறுதி கூறச் சான்று போதாது என்றே முடித்தது. மேடையேறியதால் மாத்திரை வேண்டா என்று எந்தப் போதகரும் சொல்லத் துணியலாகாது.

சபை நாடகத்தால் ஆகக் கூடியது சிறிது. ஆயினும் அச்சிறிது அருமையானது. பின்னர் வேறொரு சபையில், சனிக்கிழமை மாலைகளில் பத்துப் பன்னிருவர் கூடி நாடகம் பழகினோம். நோயுற்றிருந்தோர் மூவர், ஏனையோர் சபையார். யார் எவர் என்று எவரும் கேட்பதில்லை. நெடுநாள் நோயுற்றிருந்த சகோதரியொருவர் ஆறு வாரம் மூலையில் அமர்ந்திருந்தார். ஏழாம் வாரம் சந்தைக் காட்சியில் காய்கறிக்காரியாக நடிக்கத் தாமே முன்வந்தார். விலை பேசி எல்லாரையும் சிரிக்கவைத்தார். அவரைப் பார்த்துச் சிரிப்பதற்கும் அவரால் சிரிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அன்று அறிந்தோம். அவர் நோய் நீங்கிற்று எனச் சொல்லமாட்டோம். மருத்துவரிடம் இன்றும் செல்கின்றார். ஆனால் சனிக்கிழமை அவர் வராவிடில் காட்சி நின்றுபோகும். ஆகவே அவருக்காகக் காத்திருந்தோம். தமக்காகப் பிறர் காத்திருக்கின்றனர் என்னும் உணர்வு நெடுங்காலம் அவருக்கு இல்லாதிருந்தது.

ஆதலின் நாடகம் தொடங்குமுன் நாம் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வேடத்தைத் தேர்ந்தவர் யார்? பார்ப்பவர் யார்; அவர்கள் எதனைத் தர வருகின்றனர்? திரை விழுந்தபின், மறுநாள் தெருவில் அவருக்கு எப்பெயர் இருக்கும்? மூன்றாவது கேள்வியை நாம் அன்று கேட்டிருந்தால் அவ்விளைஞர் விளக்கு வேலையில் நிலைத்திருப்பார்.

நாம் நாடகமாக்கிய அந்நிகழ்ச்சியையே மாற்கு நற்செய்தியில் மீண்டும் வாசித்தபோது, அன்று காணாத ஒன்றைக் கண்டோம். ஆண்டவர் அம்மனிதனுடைய பெயரைக் கேட்கின்றார். ஊரார் வேடிக்கை காண ஓடிவரும்போது சங்கிலியும் கூக்குரலும் அங்கு இல்லை. அவன் ஆடை உடுத்தி, தெளிந்த மனத்தோடு அமர்ந்திருக்கின்றான். அவன் தம்மோடு வர விரும்பியபோதும், அவனைத் தம் வல்லமையின் காட்சிப் பொருளாக ஊர் ஊராக அவர் அழைத்துச் செல்லவில்லை. தன் வீட்டாரிடம் போய்த் தன் கதையைத் தானே சொல்லுமாறு அனுப்பிவிடுகின்றார். அக்கதையைச் சொல்லும் உரிமை அவனுக்கே உரியதாயிற்று. அதனை நாம் அவனிடமிருந்து பறித்து மேடையேற்றினோம். நம் மாணவர்கள் அவ்வாறு செய்யாதிருப்பார்களாக.