அடித்தல் திருத்தலுக்கு முன்

கதை எழுதுவது பற்றி நம்மிடம் இரண்டு நம்பிக்கைகள் உண்டு. கதை முதலில் மனசுக்குள் முழுசாக உருவாகிவிட வேண்டும், அதைத் தாளில் இறக்கி வைப்பதே எழுத்தாளன் வேலை என்பது ஒன்று. மற்றது 1990களில் நம் சிறுபத்திரிகைகளில் வேர்பிடித்தது: ஒழுங்கு என்றாலே அதிகாரம், சிதறிக் கிடப்பதை அப்படியே அச்சேற்றினால் அதுவே கலகம் என்பது. இரண்டுமே முதற்படியை வாசிப்பதில்லை. முன்னது அதைக் கண்டு கூசுகிறது, பின்னது மயங்குகிறது.

செஞ்சிப் பக்கம் வல்லம் என் ஊர். மல்லாட்டை விளைகிற பூமி. ஒரு சம்பவத்தைக் கதையாக்கப் பதினோரு வருஷம் முட்டி மோதினேன். விதைக்கு மல்லாட்டை உடைக்கப் போன பெண்கள் பொழுது சாய்ந்து கூலிக்கு நிற்கிறார்கள். பயிறு தின்றிருக்கிறாளா என்று பார்க்க ஒவ்வொருத்தியையும் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். அதில் என் அம்மாவும் ஒருத்தி. எனக்கு அப்போது ஆறு வயசு. விஷயம் இவ்வளவுதான். ஆனால் முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

ஒரு வரி எழுதுவேன், திரும்பிப் படிப்பேன், அடிப்பேன். அடித்த கை என்னுடையது. படித்த கண் யாருடையது? பள்ளிக்கூடத்துப் பாடநூலின் கண் அது. பரிசு வாங்கிய கதைகளின் கண். ஒருநாள் அந்த முதல் பக்கத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ‘நிலக்கடலை’ என்று வந்த இடத்திலேயே நிறுத்திட்டாங்க. “யாரு ஊட்டுக் கதடா இது?”

இந்தக் கேள்வியை எந்த விமர்சகனும் என்னிடம் கேட்டதில்லை. 2007இல் கண்மணி குணசேகரனின் ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ வந்தது. நம் பேச்சுக்கு அகராதியே வந்துவிட்டது. ஆனாலும் பேனா பிடித்ததும் கை தானாக ‘நிலக்கடலை’ என்றுதான் எழுதியது. சொல் இல்லாதது பிரச்சினை இல்லை. அந்தச் சொல்லில் எழுதலாம் என்கிற தைரியம்தான் இல்லை.

1992இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ இங்கே முக்கியமானது. ஏழு ஆண்டுகள் கன்னியர் மடத்தில் இருந்து வெளியேறிய ஒரு பெண், புத்தகம் போடும் எண்ணமில்லாமல், தன் மனசை ஆற்றிக்கொள்ள எழுதியது. காலவரிசை இல்லை, ஒரு சம்பவம் வேறொரு கோணத்தில் மறுபடி வரும். இதை வடிவச் சோதனை என்று கொண்டாடியவர்களும் பிழை என்று ஒதுக்கியவர்களும் ஒன்றைக் கவனிக்கவில்லை. திரும்பத் திரும்ப வருகிற இடம்தான் வலிக்கிற இடம். அதை முதலிலேயே நேராக்கியிருந்தால் வலி இருந்த தடமே போயிருக்கும்.

இதை யோசித்தபிறகு ஒரு முடிவெடுத்தேன். திரும்பிப் படிக்காமல் மூன்று ராத்திரி எழுதினேன். நாற்பது பக்க நோட்டு நிறைந்தது. ஒரே குப்பை. கூலிக்கு நிற்கும் காட்சி மூன்று தடவை வருகிறது. ஓரிடத்தில் ‘வாயைத் திறந்தாள்’, அடுத்த பக்கத்தில் ‘வாயைத் திறந்தேன்’. நண்பர் ஒருவர் படித்துவிட்டு, “பார்வைக் கோணம் கொழம்பியிருக்கு தோழர், சரி பண்ணிடுங்க” என்றார். அரைமணி நேர வேலை அது.

செய்யவில்லை. ‘அவள்’ ஏன் சரியாக அங்கே ‘நான்’ ஆனாள் என்று கேட்டுப் பார்த்தேன். அன்றைக்கு அம்மா ஒரு பிடி மல்லாட்டையை என் டவுசர் பாக்கெட்டில் போட்டிருந்தார்கள். மென்ற வாய் என்னுடையது. திறந்து காட்டிய வாய் அவர்களுடையது. பதினோரு வருஷமாக நிலக்காரனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அது தப்பில்லை. ஆனால் அந்தக் காட்சியில் நானும் இருந்தேன் என்பதை எந்த வரியிலும் வரவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். என் இலக்கணம் ஒளித்ததை என் பிழை காட்டிக்கொடுத்தது.

குப்பையைப் புனிதமாக்கச் சொல்லவில்லை. அந்த நோட்டிலிருந்து கதைக்குத் தேறியது ஆறு பக்கம். மூன்று காட்சியில் இரண்டை வெட்டினேன். ஏழு தடவை திருப்பி எழுதினேன். செம்மை வேண்டும்; ஆனால் அதற்கு ஒரு காலம் உண்டு. எது குழம்பியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பதற்கு முன்னால் செய்கிற செம்மை, தணிக்கை.

இது கதைக்காரர்களுக்கு மட்டும் சொல்வதில்லை. நம்மில் பலர் உண்மையறியும் குழுக்களில் போய் வாக்குமூலம் எழுதியவர்கள். அடிபட்டவர் முன்னுக்குப்பின் பேசும்போது, சொன்னதையே சொல்லும்போது, ‘நான்’, ‘நாங்க’ என்று மாற்றி மாற்றிச் சொல்லும்போது, நாம் அங்கேயே மனசுக்குள் நேராக்கி அறிக்கை மொழியில் எழுதிக்கொள்கிறோம். நம் அறிக்கைகளை அவர்களுக்குப் படித்துக் காட்டினால் எத்தனை பேர் கேட்பார்கள், “யாரு ஊட்டுக் கத இது?” என்று?