சாஞ்சியில் குடையைப் பாருங்கள்

தில்லிக்குப் போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சாஞ்சியைத் தாண்டித்தான் ஓடுகிறது. போபாலில் இறங்கினால் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. நம்மவர்கள் இறங்கமாட்டார்கள். காசி, கயா, ஆக்ரா போதும். "சாஞ்சியா? ஒரு மண்மேடுதானே" என்பார்கள். 200 ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருப்பது அந்த மேடுதான் என்பதையாவது கவனித்திருக்கிறார்களா, தெரியவில்லை.

அடிப்படைகளைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். அசோகர் செங்கல்லில் எழுப்பிய பௌத்த ஸ்தூபியைச் சுங்கர் காலத்தில் கல் போர்த்திப் பெரிதாக்கினார்கள். நான்கு தோரணவாயில்களும் சாதவாகனர் காலத்தவை. காடு மூடிக் கிடந்ததை 1818-இல் ஆங்கிலேயர் கண்டார்கள். 1912 முதல் ஜான் மார்ஷல் சீரமைத்தார். காலையிலேயே போங்கள், வலமாகச் சுற்றுங்கள். அவ்வளவுதான்.

இனி கிழக்கு வாயில். மூன்று குறுக்குக் கல்லில் நடுக்கல், வெளிப்பக்கம். பைனாகுலர் இருந்தால் நல்லது.

இந்தத் தோரணங்களில் புத்தருக்கு உருவம் கிடையாது. காலடி, அரசமரம், வெற்று ஆசனம்தான். எந்த வழிகாட்டியும் இதைச் சொல்லிவிடுவார். நீங்களும் தலையாட்டிவிட்டு நகர்வீர்கள். நகராதீர்கள். சித்தார்த்தர் அரண்மனையை விட்டு வெளியேறும் இரவு அந்தக் கல்லில் இருக்கிறது. இடக்கோடியில் நகரம். அங்கிருந்து ஒரே குதிரை மறுபடி மறுபடி வலப்பக்கமாகப் போகிறது. முதுகில் ஆளில்லை, ஆனால் மேலே குடை பிடித்திருக்கிறார்கள். வலக்கோடியில் இரண்டு காலடிகள், குடை இப்போது அவற்றின் மேல். அதற்குக் கீழே தேரோட்டி சன்னன் குதிரையைத் திருப்பி ஓட்டிவருகிறான். இந்தக் குதிரைக்குக் குடை இல்லை.

புரிகிறதா? போகிற குதிரை காலியில்லை, திரும்புகிற குதிரைதான் காலி. இரண்டிலும் ஆளைச் செதுக்கவில்லை. இருந்தும் ஒன்றில் ஆள் இருக்கிறார், மற்றதில் இல்லை. புத்தரை ஏன் உருவமாகக் காட்டவில்லை என்று நூறாண்டாக மல்லுக்கட்டும் அறிஞர்கள் கட்டுரைமேல் கட்டுரை எழுதட்டும். அந்தச் சிற்பி ஒரு குடையை எடுத்துவிட்டுப் பிரிவைச் சொல்லிவிட்டான். இதைப் பார்க்காமல் "என்ன அமைதி, என்ன அமைதி" என்று வீடியோவுக்குப் புல்லாங்குழல் இசை சேர்ப்பவர்களுக்கு வீட்டு மொட்டைமாடியே போதும்.

இதே வாயிலில் மரக்கிளையைப் பிடித்துத் தொங்கும் யட்சியைப் படமெடுக்க எப்போதும் கூட்டம். அழகிதான், மறுக்கவில்லை. அவளுக்கு மேலே இரண்டாவது குறுக்குக் கல்லைப் பார்த்தால் குதிரை, யாரும் பார்ப்பதில்லை.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: வாயில்களுக்கு எதிரே ஸ்தூபியை ஒட்டி நான்கு புத்தர் சிலைகள் அமர்ந்திருக்கும். குப்தர் காலத்தில் வைத்தவை. நல்ல சிற்பங்கள்தான். ஆனாலும் அந்தக் குதிரையைப் பார்த்துவிட்டு உள்ளே போனால் எனக்கு அவை கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றும். தொல்லியல்காரர்கள் முன்னால் இதைச் சொல்லாதீர்கள், அடிக்க வருவார்கள்.

அடுத்து வடக்கு வாயில். நான்கில் அதிகம் சிதையாமல் நிற்பது அதுதான். எங்கே குடை இருக்கிறது, எங்கே இல்லை என்று நீங்களே தேடுங்கள். யட்சியைக் கடைசியில் படமெடுத்துக்கொள்ளலாம்.