மூத்தம்மாவை எந்தப் பெயரில் தேடுவது?

சவளக்கடைச் சந்தியில் இறங்கி "இப்ராஹிம்ட ஊடு எங்க?" என்று கேட்டால் திரும்ப ஒரு கேள்விதான் வரும். "எந்த இப்ராஹிம்? ஆர்ட மகன்?" வட்டானையாரின் மருமகனா, ஓடாவியாரின் மூத்தவனா, கட்டாரில் இருந்து வந்தவனா என்று ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் அவர் பெண் எடுத்த வீட்டைச் சொன்னால்தான் வழி கிடைக்கும். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை எங்கும் இதே கதைதான். ஒரு பெயரை நூறு பேர் வைத்திருக்கும் ஊர்களில் ஆளை அடையாளம் காட்டுவது உறவும் வீடுமே.

குடும்ப வரலாற்று மென்பொருள்கள் நேரெதிராகத் தொடங்குகின்றன. ஃபேமிலிசேர்ச், ஆன்செஸ்ட்ரி, மைஹெரிடேஜ், இலவசமாகக் கிடைக்கும் கிராம்ப்ஸ் என்று எதைத் திறந்தாலும் தேடல் பக்கத்தின் முதல் கட்டம் பெயர், அடுத்த கட்டம் குடும்பப் பெயர். வெளிநாடுகளிலும் கொழும்பிலும் இருக்கும் நம் பிள்ளைகள் வம்சக்கொடி வரையத் தொடங்கியிருக்கும் இந்நாளில், பெயரை வைத்து ஆளைத் தேடும் இந்த வழி நம் கிழக்குக் கரைக்கு எவ்வளவு தூரம் உதவும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த மென்பொருள்கள் தமக்குள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் ஜெட்கொம் என்ற வடிவம் 1984இல் அமெரிக்காவின் மோர்மன் திருச்சபையிடமிருந்து வந்தது. அதில் குடும்பப் பெயர் இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே நிற்கும். தேடலும் வரிசைப்படுத்தலும் பெரும்பாலும் அந்தச் சாய்கோட்டுக்குள் இருப்பதை நம்பியே நடக்கின்றன. நம் பெயர்களில் அங்கே எதை வைப்பது? எல்லோருக்கும் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். சம்மாந்துறையில் 1948இல் பிறந்து கல்முனையில் வளர்ந்து முஸ்லிம் காங்கிரஸை நிறுவிய எம்.எச்.எம். அஷ்ரஃப். முதல் இரண்டு எழுத்துகளும் தகப்பனார் முகம்மது ஹுசைனுக்குரியவை. மூன்றாவது எழுத்து அவருடைய சொந்தப் பெயரின் முன்பாதியான முகம்மது. அஷ்ரஃப் என்பதும் அவருக்கே வைத்த பெயர், பரம்பரையாக வந்ததல்ல. மென்பொருளோ கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு அஷ்ரஃபின் தகப்பனையும் அஷ்ரஃப்களுக்குள் தேடப் போகும். அவர் மனைவியும் முன்னாள் அமைச்சருமான ஃபேரியல் அஷ்ரஃபின் பெயரில் அதே சொல் கணவர் பெயராக நிற்கிறது. ஒரே சொல் ஓரிடத்தில் இட்ட பெயர், அடுத்த இடத்தில் குடும்பப் பெயர். பிழை மென்பொருளின் கணக்கில் இல்லை. அதன் எடுகோளில் இருக்கிறது.

எழுத்துக்கூட்டல் அடுத்த சிக்கல். இதற்கென்றே சவுண்டெக்ஸ் என்ற ஒலிக்குறியீட்டு முறை இருக்கிறது. அமெரிக்கரான ராபர்ட் ரசல் 1918இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். விதி எளிது: ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்து, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, ஒத்த ஒலியுள்ள மெய்களுக்கு ஒரே இலக்கம் கொடுத்து, மூன்று இலக்கங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நம் பெயர்களில் இதைப் போட்டுப் பார்த்தால் முதலில் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. மொஹமட், முஹம்மத், முகம்மது என்று பதிவுகாரர்கள் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதியிருந்தாலும், நடுவில் 'ஹ' போட்டு எழுதியவை அத்தனையும் எம்-530 என்ற ஒரே குறியீட்டில் வந்து சேருகின்றன. லெப்பை என்றாலும் லெவ்வை என்றாலும் எல்-100. இந்த இடத்தில் ஒரு சபாஷ் போடலாம்.

ஆனால் மஹ்மூதும் அதே எம்-530தான். அவர் வேறு ஆள். கதீஜாவைப் பாருங்கள். ஒரு பத்திரத்தில் 'க'வுக்குரிய ஆங்கில எழுத்து, இன்னொன்றில் 'ஹ'வுக்குரிய எழுத்து. முதலெழுத்து மாறினால் சவுண்டெக்ஸுக்கு ஆளே மாறிவிடும்: ஒன்று கே-320, மற்றது எச்-320. ஜைனப் என்று ஓதிப் பெயர் வைத்து சைனம்பு என்று கூப்பிட்டு அப்படியே பதிந்துவிட்ட மூத்தம்மாவோ இன்னும் தூரம் போய்விடுகிறார். இசட்-510க்கும் எஸ்-551க்கும் எந்த உறவும் இல்லை. கிழக்கு ஐரோப்பிய யூதர்களுக்கும் இதே தலையிடி இருந்தது. அவர்கள் பொறுத்துக்கொண்டிருக்கவில்லை. ராண்டி டெய்ச், கேரி மொகோடொஃப் என்ற இருவர் 1985இல் தங்கள் பெயர்களுக்கென்றே வேறொரு குறியீட்டு முறையைச் செய்துகொண்டார்கள். இன்று பல தேடல்தளங்களில் அது பயன்படுகிறது. அரபுப் பெயர் தமிழ் வாயில் உருண்டு ஆங்கில எழுத்தில் விழுவதற்கும் ஒழுங்கான விதிகள் உண்டு. கணினி படித்த நம் பிள்ளைகளில் யாராவது இதைக் கையில் எடுக்கலாம்.

பெண்களைத் தேடும்போதுதான் இந்த முறை உண்மையிலேயே முறிகிறது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி விவாகப் பதிவில் மணப்பெண்ணின் கையொப்பம் தேவையில்லை. அவர் சார்பில் வலி எனப்படும் காப்பாளர் ஒப்பமிட்டால் போதும். பதியாவிட்டாலும் நிக்காஹ் செல்லும் என்பதால் பழைய விவாகங்களில் பதிவைத் தேடுவதே சிலவேளை வீண். ஊருக்குள் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் குறைவு. இன்னாரின் உம்மா, இன்னாரின் ராத்தா என்றே வாழ்ந்து மவுத்தானவர்கள் அவர்கள். மேற்கு நாடுகளில் வம்சம் தேடுகிறவர்களுக்குப் பெரிய துணை கல்லறை எழுத்து. நம் மையவாடிகளில் மீசானில் பெயர் பொறிப்பது பரவலான வழக்கமே இல்லை.

இத்தனைக்கும் இந்தக் கரையின் வம்சம் பெண்வழியில்தான் ஓடுகிறது. குடி என்னும் தாய்வழிக் குலம் உம்மாவிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகிறது. ஒரே குடிக்குள் கட்டுவதில்லை. மாப்பிள்ளை பெண்வீட்டில் போய் இருக்கிறார்; வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதைத் தமது 2008ஆம் ஆண்டு நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இங்குள்ள தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடிமுறை பொதுவானது. அப்படியானால் மூத்தம்மாவின் மூத்தம்மா வரை போகும் கயிறு வீட்டிலும் குடியிலும் இருக்கிறது. தகப்பன் பெயரைத் தொங்கவிட்டு ஏறும் மென்பொருள் இரண்டாம் தலைமுறையிலேயே கிளை தவறி ஏறிவிடுகிறது.

ஊர்ப் பெயரும் கைகொடுக்காது. அம்பாறை மாவட்டம் பிறந்ததே 1961இல். அதற்கு முன் கல்முனையில் பிறந்தவர் பதிவில் மட்டக்களப்பு மாவட்டத்தவர். கல்லோயாத் திட்டத்தில் காணி கிடைத்துக் கரையோர ஊர்களிலிருந்து மேற்கே போனவர்கள் நான்காம் கொளனி, ஐந்தாம் கொளனி, பன்னிரண்டாம் கொளனி என்று இலக்கத்தையே முகவரியாக எழுதினார்கள். பெயரோடு இன்றைய மாவட்டத்தையும் போட்டுத் தேடினால் அந்தப் பழைய ஆட்கள் வடிகட்டலில் விழுந்துவிடுவார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பெயர்த் தேடலே உதவாது என்று தள்ளிவிடுவதும் நியாயமில்லை. அடையாள அட்டை வந்த 1972க்குப் பிறகு பெயர்கள் ஓரளவு ஒரே எழுத்துக்கூட்டலில் உறைந்துவிட்டன. அதற்குப் பின் வளர்ந்த தலைமுறைக்கு, அதுவும் கடல் கடந்து சிதறிய மச்சான், சாச்சா பிள்ளைகளுக்கு, பெயர்த் தேடல் நன்றாகவே வேலை செய்கிறது. கணவர் பெயர், மனைவி பெயர், ஒரு பிள்ளையின் பெயர் மூன்றையும் சேர்த்துத் தேடினால் நூறு இப்ராஹிம்கள் இரண்டு மூன்றாகக் குறைந்துவிடுவார்கள். தனிப் பெயரால் முடியாததைக் குடும்பமாகத் தேடினால் சாதிக்கலாம். பெயரில் சந்தேகமான எழுத்துக்கு உடுக்குறி போட்டுத் தேடும் வசதியும் பலர் தொடாமல் விடும் நல்ல கருவி. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களோடு எத்தனையோ வீடுகளின் உறுதிகளும் பிறப்புப் பத்திரங்களும் கடலோடு போயின. அப்படிப் போன தாளின் விவரம் நாலு நாட்டில் நாலு கணினியில் இருந்தால் அது சின்ன விஷயமல்ல.

எனக்குப் பயம் வேறோரிடத்தில். இத்தளங்கள் "இவரும் அவரும் ஒருவரா?" என்று தாமாகவே கேட்கின்றன. ஆம் என்று ஒரு தட்டு தட்டினால் இரண்டு ஆதம்பாவாக்கள் ஒருவராகி, ஒருவரின் பிள்ளைகள் மற்றவரின் தலையில் ஏறிவிடுவார்கள். கூட்டாகத் தொகுக்கும் மரம் என்றால் அதைப் பார்க்கிற அடுத்தவர் சான்று என்று எடுத்துக்கொள்வார். மாமன் பிள்ளை, மாமி பிள்ளை என்று கட்டிக்கொள்ளும் ஊரில் இந்தக் குழப்பம் ஒரு கிளையோடு நிற்காது. பெயர் ஒத்துப்போவதைச் சான்றாக ஏற்கவே கூடாது. அது சந்தேகத்தின் தொடக்கம் மட்டுமே.

கருவி முழுக்கக் குருடும் அல்ல. கிராம்ப்ஸில் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்று குறிக்கும் பட்டியலில் தந்தைப் பெயர் என்பதோடு தாய்வழி என்பதும் ஒரு தெரிவாக இருக்கிறது. அங்கே குடியைப் போடலாம். பட்டப்பெயருக்கும் அழைக்கும் பெயருக்கும் தனிக் கட்டங்கள் உண்டு; பரிசாரியார், போடியார், ஹாஜியார் எல்லாம் அங்கே போகட்டும். பத்திரத்தில் கண்ட ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் மாற்றுப் பெயராகத் தனித்தனியே பதியுங்கள், திருத்தி ஒன்றாக்கிவிடாதீர்கள். உயிரோடு இருப்பவர்களின் விவரத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் பொதுவெளியில் போடாதீர்கள்.

இதையெல்லாம் கணினியைத் திறப்பதற்கு முன்னால் செய்ய முடியாது. ஆனால் ஒன்றைச் செய்யலாம். குடும்பத்தில் வயதில் மூத்த பெண் யாரோ, அவரிடம் போய் "உங்கட உம்மாட ஊடு எது, என்ன குடி?" என்று கேட்டு, சீதன உறுதி இருந்தால் அதைப் படமெடுத்து வாருங்கள். பெயரைப் பிறகு தேடலாம். பதிவேடு நாளைக்கும் இருக்கும், மூத்தம்மா இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.