எந்தச் சமூகம்? – சூழல் சுற்றுலா என்னும் சொல்லாடல் குறித்து

1

'உள்ளூர்ச் சமூகங்களின் பங்கேற்புடன் கூடிய நிலைத்த சுற்றுலா' என்ற தொடரை இப்போது எங்கும் பார்க்க முடிகிறது. வனத்துறைக் கையேட்டில், உலக வங்கி அறிக்கையில், மலையோர ஓட்டல்களின் வரவேற்பறையில் கண்ணாடி போட்டு மாட்டிய அட்டையில். 1987ல் வந்த பிரண்ட்லாண்ட் அறிக்கை 'நிலைத்த வளர்ச்சி' என்பதைப் பரவலாக்கியது. 2002ஐ ஐ.நா. சபை சூழல் சுற்றுலா ஆண்டாக அறிவித்தது. இந்த இடைவெளியில் காடு, வருமானம், சமூகம் என்ற மூன்று சொற்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. காட்டைப் பார்க்க வருகிறவர் பணம் தருவார்; பணம் காட்டோரத்து மக்களுக்குப் போகும்; பணம் வருவதால் மக்கள் காட்டைக் காப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யாருக்கும் நஷ்டமில்லாத கணக்கு.

இந்தத் தொடரில் எனக்கு இடறுவது 'சமூகம்' என்ற சொல்தான். நம் ஊர்ப்பக்கம் ஒருவரிடம் 'நீங்க எந்தச் சமூகம்?' என்று கேட்டால் சாதியைக் கேட்கிறோம் என்று பொருள். கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். அறிக்கைத் தமிழுக்குள் போனதும் அதே சொல் சாதி இல்லாத, நிலம் உள்ளவன் இல்லாதவன் என்ற வேறுபாடு இல்லாத, ஆண் பெண் பேதம் இல்லாத ஒரே உடம்பாக ஆகிவிடுகிறது. இப்படி ஆகும்போது எது மறைகிறது என்பதை மூன்று இடங்களை வைத்துப் பார்க்கலாம். தேக்கடியும் நாகரஹொளேயும் ஒரே திட்டத்தின் பட்டியலில் இருந்தவை. வேடந்தாங்கலோ திட்டம், பங்கேற்பு போன்ற சொற்களெல்லாம் புழக்கத்துக்கு வருவதற்கு முந்தியது.

2

தேக்கடியைப் பற்றிப் பேசும்போது அங்கே நடந்த நல்லதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். 1895ல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையின் நீர்தான் அங்கே ஏரியாகத் தேங்கி நிற்கிறது. 1978ல் பெரியாறு புலிகள் காப்பகம் ஆயிற்று. 1996ல் உலக வங்கியும் உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் பணம் கொடுத்த இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டம் ஏழு காப்பகங்களில் தொடங்கியபோது பெரியாறும் அதில் ஒன்று. காட்டுக்குள் புகுந்து வயணா மரத்தின் பட்டையை, அதாவது காட்டு லவங்கப்பட்டையை, உரித்துக் கடத்திக்கொண்டிருந்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் 1998ல் வனத்துறையோடு உடன்பாட்டுக்கு வந்தார்கள். அவர்களே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆனார்கள். காட்டின் தடம் யாருக்கு நன்றாகத் தெரியும்? ஒளிந்து போனவனுக்குத்தான். அந்த அறிவுக்கு ஒரு கூலி கிடைத்தது. வழக்குக்கும் தலைமறைவுக்கும் இடையில் ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கை ஒரு இடத்தில் நின்றது. இதைச் சின்ன விஷயம் என்று சொல்கிற விமர்சகர் ஒரு நாளாவது போலீசுக்குப் பயந்து தூங்காமல் இருந்தவராக இருக்க மாட்டார்.

ஆனால் இந்த நிகழ்வு ஒரு கதையாகி, கட்டுரைகள், ஆவணப்படங்கள், கையேடுகள் வழியாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும்போது வேறொன்று நடக்கிறது. தேக்கடியில் ஒருமுறை நான் சேர்ந்து நடந்த குழுவில் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் குமுளிப் பக்கத்துத் தமிழ் பேசினார். அரைமணி நேரம் யானை லத்தியையும் காட்டெருமைத் தடத்தையும் காட்டிக்கொண்டு வந்தார். எங்களில் ஒருவர் இடைமறித்து, 'நீங்க முன்னாடி எத்தனை மரம் உரிச்சிருப்பீங்க?' என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, 'எல்லாரும் அதத்தான் சார் மொதல்ல கேப்பாங்க, நீங்க கொஞ்சம் லேட்டு' என்றார். பிறகு சொன்னார். பலமுறை சொல்லித் தேய்ந்த கதை என்பது அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

நவீன சமூகத்தில் ஒப்புதல் வாக்குமூலம் தேவாலயத்தை விட்டு வெளியே வந்து மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் என்று எல்லா இடங்களிலும் பரவிவிட்டது என்று ஃபூக்கோ 1976ல் எழுதினார். அந்தப் பட்டியலில் காட்டுப் பாதையையும் சேர்த்துக்கொள்ளலாம். இங்கே வாக்குமூலத்தைக் கேட்கிறவர் டிக்கெட் வாங்கியவர். வழிப்பறி செய்தவன் வால்மீகியான கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, குற்றவாளி திருந்தியது என்ற வடிவம் உடனே பிடித்துப்போகிறது. கதை தனிமனிதனின் மனமாற்றமாக முடிந்துவிடுவதால் வேறு கேள்விகளுக்கு இடமில்லாமல் போகிறது. உரித்த பட்டையை யார் வாங்கினார்கள்? எந்த விலைக்கு? அந்த வியாபாரிகளில் யாராவது திருந்தி, டிக்கெட் வாங்கியவர் முன்னால் நின்று தன் கதையைச் சொல்கிறாரா? காட்டுக்குள் இருந்த மன்னான், பளியர் குடிகள் எப்படிக் குமுளி ஓரத்துக் குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்தார்கள்? காடு முதலில் பறிக்கப்பட்டது, பிறகுதான் அதற்குள் போவது திருட்டாயிற்று என்ற வரிசையைத் திருந்திய திருடனின் கதை தலைகீழாக்கிவிடுகிறது.

அதே தேக்கடியில் 2002லிருந்து 'வசந்தசேனை' என்ற பெண்கள் குழு காட்டைச் சுற்றி ரோந்து போகிறது. முறை வைத்துக்கொண்டு, கூலி வாங்காமல். காட்டின் மீது தங்களுக்கு இருக்கும் பற்றை அந்தப் பெண்கள் பெருமையோடு சொல்கிறார்கள். அதைப் பொய்ப்பிரக்ஞை என்று ஒதுக்கிவிடும் திமிர் எனக்கு இல்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. ஆண்களின் காட்டறிவு வேலையாகிறது, அதற்குச் சம்பளம் உண்டு. பெண்களின் காவல் சேவையாகிறது, அதற்குப் பாராட்டு உண்டு. வீட்டுக்குள் இருக்கிற கணக்கு காட்டுக்குள்ளும் வந்துவிட்டது. 'சமூகம் பங்கேற்றது' என்று அறிக்கையில் ஒரே வரியாக எழுதும்போது இந்த வேறுபாடு எங்கே போகிறது?

தமிழ் படித்தவர்கள் இந்த இடத்தில் திணைக்கோட்பாட்டைக் கொண்டுவருவார்கள். 'நம் முன்னோர் அன்றே சூழலியல் கண்டார்கள்' என்ற பல்லவியில் எனக்கு நம்பிக்கை இல்லை. என்றாலும் கருப்பொருள் பட்டியலை ஒருமுறை பார்ப்பது பயன்படும். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் இவற்றோடு 'செய்தி' என்று ஒன்றும் அங்கே இருக்கிறது. செய்தி என்றால் அந்த நிலத்து மக்கள் செய்யும் தொழில். இப்போதைய சுற்றுலாக் கையேட்டை எடுத்துப் பாருங்கள். விலங்கு இருக்கும், மரம் இருக்கும், பறவை இருக்கும். மாலை நேர 'பழங்குடி நடனம்' என்று பறையும் இருக்கும். செய்தி மட்டும் இருக்காது. தேன் எடுப்பது, கிழங்கு தோண்டுவது, மீன் பிடிப்பது போன்றவை ஒன்று குற்றமாகிவிட்டன, அல்லது பார்வையாளருக்குச் செய்துகாட்டும் நிகழ்ச்சியாகிவிட்டன.

3

அதே ஏழு காப்பகங்களின் பட்டியலில் கர்நாடகத்தின் நாகரஹொளேயும் இருந்தது. அந்தக் காட்டுக்குள் ஒரு பெரிய ஓட்டல் குழுமம் விடுதி நடத்துவதற்கு மாநில அரசு குத்தகை கொடுத்தது. தங்கள் குடிகள் காட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று சொல்லப்பட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் அதே காட்டில் வசதியான அறைகள் எழும்புவதைக் கண்ட ஆதிவாசிகள் எதிர்த்தார்கள். வழக்கும் போட்டார்கள். 1997ல் கர்நாடக உயர்நீதிமன்றம் குத்தகை செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது.

தேக்கடியின் கதை கையேடுகளில் வருகிறது. நாகரஹொளேயின் கதை சட்டப் புத்தகங்களில் மட்டும் கிடக்கிறது. வருகிறேன் என்று சொன்ன சமூகத்தைச் சொல்லாடல் அணைத்துக்கொள்கிறது. வேண்டாம் என்று சொன்ன சமூகத்துக்கு அதில் இடமில்லை. இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. அந்தத் தீர்ப்பு எந்த அடிப்படையில் வந்தது? காட்டு நிலத்தை வேறு பயனுக்குக் கொடுக்குமுன் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் முன்அனுமதி வாங்கவில்லை என்பது முக்கியமான காரணம். அதாவது ஆதிவாசிகள் ஜெயித்தார்கள். ஆனால் 'இது எங்கள் இடம், எங்களைக் கேட்கவில்லை' என்ற அவர்களுடைய வாதத்தால் ஜெயிக்கவில்லை. ஓர் அரசு இன்னோர் அரசைக் கேட்கவில்லை என்பதால் ஜெயித்தார்கள். மறுக்கும் உரிமை வெற்றியிலும் அவர்கள் கைக்கு வரவில்லை.

4

மறுக்கும் உரிமை கையில் இருந்த ஒரு சமூகம் உண்டா என்று தேடினால் நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் கிடைக்கிறது. வேடந்தாங்கல். வேடர் தங்கிய இடம் என்று பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். நீர்க்கடம்பு மரங்கள் நிற்கிற சின்ன ஏரி. கூழைக்கடாவும் நத்தைக்குத்தி நாரையும் கரண்டிவாயனும் வந்து கூடு கட்டும். எச்சம் விழுந்து எருவாகிப்போன தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் பாயும். அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலுக்குத் தனியாக உரம் அதிகம் வேண்டாம் என்பது ஊர் அனுபவம். பறவையின் மேலிருந்த பிரியத்துக்கு வயல் கணக்கும் ஒரு காரணம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் போனார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் அவர்களுக்குக் கவுல் எழுதிக் கொடுத்தார். 1858ல் அது புதுப்பிக்கப்பட்டது. அந்தத் தாள் அவர்களுக்கு வருமானத்தில் பங்கு எதுவும் தரவில்லை. வெளியாளைப் பார்த்து 'இங்கே சுடாதே' என்று சொல்லும் அதிகாரத்தைத் தந்தது. நாகரஹொளேயில் இல்லாமல் போனது இதுதான். பிறகு சட்டங்கள் வந்தன, சரணாலயம் வந்தது. 1998ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று அறிவித்தார்கள். பறவையைக் காத்த ஊர் பறவைகளின் சரணாலயத்துக்குள் குடியிருக்கும் ஊராயிற்று. 2020ல் அந்த எல்லையைச் சுருக்கும் யோசனை எழுந்து எதிர்ப்பு வந்தது. 2022ல் ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது. எல்லையை விரித்ததும் சுருக்க நினைத்ததும் தலைநகரத்துக் கோப்பில்தான் நடந்தன.

இத்தோடு நிறுத்தினால் வேடந்தாங்கல் ஒரு பொற்காலக் கதையாகிவிடும். எனவே முதலில் கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். எந்தச் சமூகம்? எரு கலந்த தண்ணீர் ஆயக்கட்டில் நிலம் உள்ளவனின் வயலுக்குத்தான் பாயும். கலெக்டரிடம் போய் நின்று பேசக்கூடியவர்களாக அன்று யார் இருந்திருப்பார்கள்? இந்தக் கவுலுக்கு ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, அதே செங்கல்பட்டு மாவட்டத்தில் கலெக்டராக இருந்த திரெமென்ஹீர் 1891ல் பறையர் மக்களின் நிலமற்ற நிலையைப் பற்றி அறிக்கை எழுத வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலமும் கைமாறிப் போய், அதை மீட்பதற்காக அதே மாவட்டத்தில் காரணையில் தொடங்கிய போராட்டம் 1994ல் துப்பாக்கிச் சூட்டில் போய் நின்றதை இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊருக்குப் பறவைக்காக ஒரு தாள் கிடைத்தது. சேரிக்கு நிலத்துக்காக ஒரு தாள் கிடைக்க இன்னும் நூறாண்டு ஆயிற்று, கிடைத்ததும் நிலைக்கவில்லை. வேடந்தாங்கலில் 'ஊர்' காத்தது என்று நாம் பெருமையாகச் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் சேரி இருக்கிறதா என்று கேட்காமல் விட முடியாது.

5

நண்பர்கள் சிலர் சூழல் சுற்றுலாவே முதலாளியம் போட்டுக்கொண்ட பச்சை முகமூடி, அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் நமக்கு வேலை முடிந்துவிடும். தேக்கடியில் வழிகாட்டியாக இருக்கிறவருக்கு முடியாது. அவருக்குத் தேவை ஒரு சிறந்த சுற்றுலாவா, சுற்றுலா இல்லாத காடா என்று நாம் தீர்மானிப்பதும் ஒருவகையில் அறிக்கை எழுதுகிறவர்கள் செய்யும் வேலையைத்தான் நாமும் செய்வது.

நான் வைக்க விரும்பும் அளவுகோல் சின்னது. இத்தகைய திட்டம் எதையும் இரண்டு கேள்விகளால் சோதிக்கலாம். முதலாவது, அந்த மக்கள் 'இந்த வருஷம் யாரும் வர வேண்டாம்' என்று சொன்னால் நிற்குமா? நிற்காது என்றால் அவர்களுக்குக் கிடைத்திருப்பது பயன், உரிமை கிடைக்கவில்லை. பயனைக் கொடுத்தவர் நிறுத்தலாம். இரண்டாவது, அப்படிச் சொல்கிற சபையில் நிலமில்லாதவரும் பெண்ணும் உட்கார்ந்திருக்கிறார்களா?

முதல் கேள்விக்கு விடைபோல ஒன்று 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. காட்டையும் காட்டுயிரையும் காக்கும் அதிகாரத்தையும், அதற்குக் கேடு செய்வதைத் தடுக்கும் அதிகாரத்தையும் அது கிராம சபைக்கும் உரிமைதாரருக்கும் தருகிறது. 2012ல் உச்சநீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப்பகுதியில் சுற்றுலாவைச் சில மாதங்கள் நிறுத்திவைத்தது. பிறகு வந்த வழிகாட்டு நெறிகள் மையப்பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலா கூடாது என்றன. நல்ல விதிதான். அந்த 20 எந்தப் பக்கத்து 20 என்று கிராம சபையைக் கேட்டுவிட்டா கோடு போடுகிறார்கள்? இரண்டாவது கேள்விக்குச் சட்டத்தில் மட்டும் விடை தேடிப் பயனில்லை. அது ஊருக்கும் சேரிக்கும் நடுவில், வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவில் தீர்க்கப்பட வேண்டியது.

அன்று அந்த வழிகாட்டியிடம் கடைசியாக நான் கேட்டது: 'உங்களுக்கு இஷ்டமில்லாட்டி ஒரு நாளைக்கு ஆள் கூட்டிட்டுப் போக மாட்டேன்னு சொல்ல முடியுமா?' அவர் கொஞ்சம் யோசித்தார். 'லீவு கேக்கலாம் சார்' என்றார்.