கடிகாரத்துக்கு மூடுபனி தெரியுமா?

தெருவிளக்குகளைக் குறித்த நேரத்தில் எரியவும் அணையவும் செய்யும் ‘டைமர்’ கருவியைப் பார்த்திருப்பீர்கள். மாலை 6.30க்கு எரியட்டும், காலை 6க்கு அணையட்டும் என்று ஒருமுறை அமைத்துவிட்டால் போதும். நல்ல கருவிதான். ஆனால், கையால் இயக்கும் ஸ்விட்ச் ஒன்றை உடன் வைக்காமல் எல்லாவற்றையும் அதனிடமே விட்டுவிடுவது சரியன்று என்பது என் கருத்து.

ஏன்? கோத்தகிரியையே எடுத்துக்கொள்வோம். தொட்டபெட்டா மலைத்தொடருக்குக் கிழக்கே ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் இது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பிற்பகல் 4 மணிக்கே மூடுபனி சாலையை மறைத்துவிடுவதுண்டு. தோட்டத் தொழிலாளர்களும் பள்ளிப் பிள்ளைகளும் வீடு திரும்பும் நேரம் அது. பத்தடி தொலைவில் காட்டெருமை நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. விளக்கோ 6.30 வரை எரியாது. டைமர் அறிந்தது நேரத்தை, இருளை அன்று.

பனி இல்லாத நாளிலும் தொல்லை உண்டு. இங்கே நவம்பர் நடுவில் மாலை 6 மணிக்குச் சற்று முன்பே சூரியன் மறைகிறது, ஜூலையில் 6.50 ஆகிறது. ஒரே நேரம் இரண்டு மாதங்களுக்கும் எப்படிப் பொருந்தும்? மேலும், மின்சாரத்தால் ஓடும் மோட்டார் டைமர், மின்தடையின்போது தானும் நின்றுவிடும். 3 மணி நேரம் மின்சாரம் இல்லையென்றால், யாராவது வந்து திருத்தும்வரை 6.30க்கு எரிய வேண்டிய விளக்கு 9.30க்குத்தான் எரியும். மின்கலம் பொருத்திய டைமருக்கு இக்குறை இல்லை, மின்கலம் தீரும்வரை!

இதற்கு எளிய மாற்று, டைமரின் தொடுமுனைகளுக்குப் பக்க இணைப்பில் ஒரு ஸ்விட்சைச் சேர்ப்பது. இரண்டில் எது மூடினாலும் மின்னோட்டம் பாயும், விளக்கு எரியும். பாடப்புத்தகத்தில் நாம் படித்ததுதான். ஆனால் இதிலும் ஒரு குறை உண்டு. பனிக்காகப் போட்டவர் அணைக்க மறந்தால்? 40 வாட் விளக்குகள் இருபது, காலை 6 முதல் மாலை 6.30 வரை வீணே எரிந்தால் ஒரு பகலுக்கு 10 யூனிட். ஒரு மாதத்துக்கு 300 யூனிட். இப்படி வீணானதைக் கண்டு, “கை ஸ்விட்சே வேண்டாம்” என்று அதைக் கழற்றிவிடுவோரும் உண்டு. மறதிக்குப் பயந்து மனிதரையே விலக்குவது தீர்வாகாது.

அடுக்குமாடிப் படிக்கட்டுகளில் பொத்தானை அழுத்தினால் சில நிமிடம் எரிந்து தானே அணையும் விளக்கைக் கண்டிருப்பீர்கள். அதே முறையைத் தெருவிளக்குக்கும் கொள்ளலாம். அழுத்தினால் 2 மணி நேரம் எரியட்டும்; பிறகு பொறுப்பு தானாகவே டைமரிடம் திரும்பட்டும். இந்த இணைப்பு டைமரை மட்டுமே சுற்றிச் செல்ல வேண்டும். ஃபியூஸைச் சுற்றிச் செல்லக் கூடாது. உரிமம் பெற்ற மின்பணியாளர் செய்ய வேண்டிய வேலை இது.

உங்கள் தெருவிளக்குப் பெட்டியில் அப்படியொரு பொத்தான் உண்டா? அதை அழுத்தும் பொறுப்பு யாருடையது? இவ்விரண்டையும் உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள்.